‘மறுகா’ சொல்லும் பிள்ளைகள்

விளையாட்டில் ஒருவன் கள்ள வேலை செய்தால் அந்த நொடியே அவனைக் குற்றம் சாட்டப் பிள்ளைகளுக்கு ஒரு சொல் வேண்டும். இலங்கைத் தமிழ்ப் பிள்ளை “அளாப்பாத!” என்று கத்தும். அளாப்புகிறவன் ‘அளாப்பி’, அந்தப் பெயர் ஒருமுறை ஒட்டிக்கொண்டால் வகுப்பு மாறும்வரை விடாது. சென்னைத் தெருவில் இதே குற்றத்துக்குப் ‘போங்கு’ என்று பெயர். தமிழ்நாட்டின் வேறு ஊர்களில் ‘அழுகுணி ஆட்டம்’ என்பார்கள்.

சண்டை முற்றினால் அதற்கும் ஊருக்கொரு சொல் இருக்கிறது. தமிழ்நாட்டில் சில ஊர்ப் பிள்ளைகள் ‘காய்’ விட்டுப் பிறகு ‘பழம்’ விடுவார்கள். வேறு சில ஊர்களில் ‘டூ’ விட்டுச் ‘சேத்தி’ போடுவார்கள். இலங்கையில் “நான் உன்னோட கோவம்” என்றால் போதும்: இனிக் கதைக்கமாட்டேன், பென்சில் கடன் தரமாட்டேன், பக்கத்தில் இருக்கமாட்டேன் எல்லாம் அதற்குள் அடக்கம். விளையாட்டுப் பொருள்களின் பெயரும் இப்படித்தான் மாறும். சென்னையில் வானத்தில் விடுவது ‘காத்தாடி’. யாழ்ப்பாணத்தில் அதைப் ‘பட்டம்’ என்பதோடு ‘கொடி’ என்றும் சொல்வார்கள். அங்கே கோலிக்குண்டு ‘போளை’ ஆகிறது. குச்சி ஐஸ் இலங்கையில் ‘ஐஸ்பழம்’.

இந்தச் சொற்களைப் பெரியவர்கள் கற்றுக்கொடுப்பதில்லை. பத்து வயதுப் பிள்ளையிடமிருந்து எட்டு வயதுப் பிள்ளைக்கு, அதனிடமிருந்து ஆறு வயதுக்கு என்று இறங்கிவருகின்றன. இங்கிலாந்தில் அயோனா ஓப்பி, பீட்டர் ஓப்பி என்ற தம்பதியர் ஏறத்தாழ 5,000 பாடசாலைப் பிள்ளைகளின் பேச்சைத் திரட்டி 1959இல் ஒரு பெரிய நூல் வெளியிட்டார்கள். ஓடிப்பிடிக்கும் விளையாட்டில் மூச்சு வாங்கியவன் “என்னைத் தொடாதே” என்று ஓய்வு கேட்கும் சொல் எந்த வட்டாரத்தில் எது என்று அவர்கள் வரைபடமே போட்டார்கள். இலண்டன் பக்கம் ‘ஃபெய்னைட்ஸ்’, ஸ்கொட்லாந்தில் ‘பார்லி’, வடகிழக்கு இங்கிலாந்தில் ‘ஸ்கிஞ்ச்’. பெரியவர்களின் காதில் விழாமலே இந்தச் சொற்கள் தலைமுறை தலைமுறையாக நின்றிருந்தன.

அப்படி ஒரு வரைபடம் கல்முனைப் பக்கத்திலிருந்து திருக்கோவில் வரையுள்ள எங்கள் கரைக்கும் வேண்டும் என்பது என் நீண்டநாள் ஆசை. இந்தக் கரையை அறியாதவர்களுக்காக: பெரியநீலாவணையிலிருந்து தெற்கே வந்தால் மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், பாலமுனை, அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று, தம்பிலுவில், திருக்கோவில் என்று ஊர்கள் ஒட்டி ஒட்டி வரும். சில முஸ்லிம் ஊர்கள், சில தமிழ் ஊர்கள். ஓர் ஊர் முடிந்து மற்றது தொடங்குவதை மதிலும் கோபுரமும் மினாராவும் சொல்லும். 1961இல் அம்பாறை தனி மாவட்டமாகும்வரை இதெல்லாம் மட்டக்களப்பு மாவட்டம்தான். எனவே இங்கே கதைப்பது மட்டக்களப்புத் தமிழ். கமில் சுவெலபில் என்ற செக் நாட்டு அறிஞர் 1966இல் எழுதிய கட்டுரையொன்றில், பேச்சுத் தமிழ்களுள் எழுத்துத் தமிழுக்கு மிக நெருக்கமானது இதுதான் என்று சொன்னார்.

வீட்டுக்குள் இரண்டு சமூகத்துப் பிள்ளைகளும் வெவ்வேறு சொல்லோடு வளர்கிறார்கள். திருக்கோவில் தமிழ்ப் பிள்ளைக்கு அம்மா, அப்பா, அண்ணன், அக்கா. கல்முனைக்குடி முஸ்லிம் பிள்ளைக்கு உம்மா, வாப்பா, காக்கா, ராத்தா. தமிழ்நாட்டுப் பிள்ளை ‘காக்கா’ என்றால் அண்ணாந்து பார்க்கும். ஆனால் அதே தமிழ்நாட்டின் காயல்பட்டினத்து முஸ்லிம் பிள்ளைக்கு அது அண்ணன்தான். கடலின் இரு கரையிலும் முஸ்லிம் வீடுகள் இந்தச் சொல்லை வைத்திருக்கின்றன. கண்டியிலோ கொழும்பிலோ முஸ்லிம் பிள்ளை அண்ணனை ‘நானா’ என்று கூப்பிடும், அக்காளைத் ‘தாத்தா’ என்னும். ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் வந்தபின் இவை ஒரே விடுதி அறையில் சந்திக்கின்றன. ‘பள்ளி’ என்றால் எங்கள் முஸ்லிம் ஊர்களில் தொழுமிடம். அந்திப்பட்டால் பிள்ளை குர்ஆன் ஓதப் போவது ‘ஓதப்பள்ளி’. காலையில் போவது பள்ளிக்கூடம்.

வாசலைத் தாண்டித் தெருவுக்கு வந்ததும் நிலைமை மாறுகிறது. என் புத்தகம் என்பதற்கு யாழ்ப்பாணத்துப் பிள்ளை ‘என்ர’ என்கிறது. கல்முனை முஸ்லிம் பிள்ளையும் காரைதீவுத் தமிழ்ப் பிள்ளையும் சொல்வது ‘என்ட’. பிறகு என்பதற்கு யாழ்ப்பாணத்தில் ‘பேந்து’, தமிழ்நாட்டில் ‘அப்புறம்’. எங்கள் கரையில் இரண்டு சமூகத்துக்கும் ‘மறுகா’. ஒரு பிள்ளையைக் கதை சொல்லவிட்டுப் பாருங்கள்: “மறுகா அவன் வந்தானா, மறுகா நாங்க ஓடினமா, மறுகா…” என்று மூச்சுவிடாமல் போகும். திரும்பிப் பார் என்பதற்குக் “கிறுகிப் பாரு” என்பதும் இருவருக்கும் பொது.

இன்னொன்று ‘கா’. “என்னகா”, “இஞ்ச வாகா” என்று உரிமையோடு விளிக்கும்போது சொல்லின் வாலில் வரும். வெளியூர்க்காரர் இதைக் கேட்டுச் சிரிப்பதுண்டு. அவர்கள் முன் எங்கள் பிள்ளைகள் கூச்சப்பட்டு அதை விழுங்குவதையும் பார்த்திருக்கிறேன். ஆனால் தொல்காப்பியத்தின் இடையியல் எடுத்துக்காட்டும் அசைநிலைச் சொற்களில் ‘கா’வும் ஒன்று. பண்டிதர் வீ. சீ. கந்தையா 1964இல் ‘மட்டக்களப்புத் தமிழகம்’ நூலில் இந்த மண்ணின் பேச்சையும் வழக்கங்களையும் பெருமையோடு எழுதிவைத்தார். அந்தப் பெருமை பிள்ளைகளின் காதுக்குப் போய்ச் சேரவேண்டும்.

ஆக, கல்முனை முஸ்லிம் பிள்ளையின் தெருப் பேச்சு கண்டி முஸ்லிம் பிள்ளையினுடையதைவிடக் காரைதீவுத் தமிழ்ப் பிள்ளையினுடையதற்கே கிட்ட நிற்கிறது. உறவும் வழிபாடும் சார்ந்த சொற்களைச் சமூகம் தருகிறது. ஓடவும் ஒளிக்கவும் சண்டை பிடிக்கவும் வேண்டிய சொற்களை ஊர் தருகிறது. இதற்கு ஒரு காரணம் கலியாண முறை என்று நினைக்கிறேன். இங்கே இரு சமூகத்திலும் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவார். ‘குடி’ என்னும் குலப்பிரிவு தாய்வழியாக வரும். அக்கரைப்பற்றை ஆராய்ந்து 2008இல் நூல் வெளியிட்ட அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே இந்த ஒற்றுமையை விரிவாகக் காட்டினார். தாயும் தாயின் சகோதரிகளும் அம்மம்மாவும் ஒரே வளவிலோ அடுத்த வளவிலோ இருப்பார்கள். பெண்கள் பிறந்த இடத்திலேயே இருப்பதால் அவர்களின் பேச்சும் இடம்பெயராது. பிள்ளை காது திறந்த நாள் முதல் கேட்பது அந்த ஒரே ஊரின் பெண்குரல்களைத்தான். வெளியிலிருந்து வந்த வாப்பாவின் அல்லது அப்பாவின் ஊர்ச்சொல்லைப் பிள்ளைகள் பகிடி பண்ணுவது இங்கே வழக்கம்.

வேளாண்மையும் இன்னொரு காரணம். இந்தக் கரையில் ‘வேளாண்மை’ என்றால் நெற்பயிர். வயல்வெளி ‘வட்டை’. மேற்கே வட்டைகளில் தமிழரும் முஸ்லிம்களும் வரப்புக்கு வரப்பு நின்று உழைத்தார்கள். பெரியநீலாவணையில் பிறந்த கவிஞர் நீலாவணன் தன் காவியத்துக்கு ‘வேளாண்மை’ என்றே பெயர் வைத்தார். திருவிழாக்களும் பிள்ளைகளைச் சேர்த்தன. திருக்கோவில் சித்திர வேலாயுத சுவாமி கோயிலின் ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்கும், கல்முனைக் கடற்கரைப் பள்ளிக் கொடியேற்றத்துக்கும் கடைகள் வரிசையாக முளைக்கும். இரண்டிலும் பிள்ளை கேட்பது கச்சான். தமிழ்நாட்டில் அது வேர்க்கடலை. எங்களுக்கு ஆடியில் வீசும் காற்றுக்கும் அதே பெயர்.

இந்தப் பொதுத் தெரு சுருங்கிவிட்டது. பாடசாலைகள் தமிழ்ப் பாடசாலை, முஸ்லிம் பாடசாலை என்று பிரிந்தே இருக்கின்றன. போர்க்காலத்தில், குறிப்பாக 1990க்குப் பின், பக்கத்து ஊருக்குள் போய் விளையாடுவது நின்றது. இரு பக்கத்துப் பிள்ளைகளின் வாயிலும் மற்றப் பக்கத்தைக் குறிக்கும் இழிசொற்கள் ஏறின. அவற்றை நான் எழுதப்போவதில்லை. ஆனால் அவையும் இந்தக் கரையின் சிறுவர் பேச்சுத்தான் என்பதை மறைக்க முடியாது. 2004 டிசம்பர் 26இல் சுனாமியாகக் கடல் வந்தது. இலங்கையில் அதிக உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம், பத்தாயிரத்துக்கும் மேல். கரையோரத்தில் மறுபடி வீடு கட்டத் தடை வந்தது. சேர்ந்து விளையாடிய ஒழுங்கைகள் கலைந்து, பிழைத்த பிள்ளைகள் கரையை விட்டு உள்ளே புதுக் குடியிருப்புகளுக்குச் சிதறினார்கள். ஓர் ஒழுங்கை போனால் அதற்குள் மட்டும் வழங்கிய பட்டப்பெயர்களும் விளையாட்டு விதிகளும் சேர்ந்தே போகும்.

இப்போது எல்லா வீட்டுக்கும் பொதுவாகக் கதைப்பது தமிழ்நாட்டுத் திரை. 2007இல் சுட்டி டிவி தொடங்கியது, அதற்குப்பின் யூடியூப். ‘குழப்படி’ செய்த பிள்ளைகள் ‘சேட்டை’ செய்கிறார்கள். ‘சோக்கா’ இருந்தது ‘செம’யாகிவிட்டது. புதுச்சொல் வருவதில் எனக்கு வருத்தமில்லை, பிள்ளைகள் எந்தக் காலத்திலும் கைக்கு எட்டியதை எடுத்துக்கொள்வார்கள். வருத்தம் வேறு. தமிழ்நாட்டுச் சொல்லைக் கேட்டால் புன்னகைக்கும் ஆசிரியர், ‘மறுகா’ என்று பிள்ளை சொன்னால் “ஒழுங்காகக் கதை” என்கிறார். அது அநியாயம். எழுத்துக்கு ஒரு தமிழ், பேச்சுக்கு ஒரு தமிழ் என்று பிரித்துச் சொல்லிக்கொடுத்தால் எட்டு வயதுப் பிள்ளைக்கு விளங்கும். ஊர்ப்பேச்சு எழுத்துத் தமிழைக் கெடுக்காது என்பதற்குச் சான்று இங்கேயே உண்டு. 1938இல் வெளிவந்த தமிழ்க் கலைச்சொல் தொகுதிக்குத் தலைமை தாங்கியவர் சுவாமி விபுலாநந்தர். அவர் 1892இல் பிறந்தது காரைதீவில். இந்தப் பேச்சைக் கேட்டு வளர்ந்துதான் ‘யாழ் நூல்’ எழுதினார்.

தமிழ்நாட்டில் இப்படி வட்டாரச் சொற்களைத் திரட்டியிருக்கிறார்கள். கரிசல் வட்டாரத்துக்கு கி. ராஜநாராயணன் 1982இல் சொல்லகராதி செய்தார். கொங்குக்குப் பெருமாள்முருகனும் நடுநாட்டுக்குக் கண்மணி குணசேகரனும் செய்தார்கள். மூவரும் எழுத்தாளர்கள்; தங்கள் சொந்த ஊர்ப் பேச்சின் மேலுள்ள பாசத்தால் அந்த வேலையைத் தொடங்கியவர்கள். கிரியாவின் தற்காலத் தமிழ் அகராதி 2008 பதிப்பில் இலங்கை வழக்குகளுக்கு இடம் கொடுத்தது. கல்முனையில் பிறந்த மொழியியலாளர் எம். ஏ. நுஃமான் முஸ்லிம் தமிழைப் பற்றி ஆராய்ந்து எழுதியிருக்கிறார். சாய்ந்தமருதின் எஸ். எச். எம். ஜெமீல் நாட்டார் பாடல்களைத் திரட்டினார். பிள்ளைகளின் விளையாட்டுப் பேச்சைத் திரட்ட இவர்களைப் போல் எழுத்தாளராகவோ அறிஞராகவோ இருக்கவேண்டியதில்லை. அதன் நிபுணர்கள் நான்காம், ஐந்தாம் வகுப்பில் இருக்கிறார்கள்.

எனவே இந்தக் கரையின் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த தவணையில் ஒரு தமிழ்ப் பாடவேளையை இதற்கு ஒதுக்குங்கள். விளையாட்டில் களவு செய்கிறவனுக்கு உங்கள் ஒழுங்கையில் என்ன பெயர், ஓய்வு கேட்க என்ன சொல்வீர்கள், கோவம் தீர்ந்தால் என்ன சொல்வீர்கள் என்று கேட்டு அவர்கள் கையாலேயே எழுதவையுங்கள். முஸ்லிம் பாடசாலையின் பட்டியலைத் தமிழ்ப் பாடசாலைக்கும், அங்கிருந்து இங்கும் மாற்றிக்கொள்ளுங்கள். ஊர், வயது, சொல், அது வரும் ஒரு வசனம், இவ்வளவும் இருந்தால் போதும். அம்மம்மாவும் மூத்தம்மாவும் உயிரோடிருக்கும் வீடுகளில் அவர்களிடமும் கேட்டு வரச் சொல்லுங்கள்.