பின்னங்களைக் கூட்டுதல்

150 பேர்ச் பரப்புள்ள ஒரு காணி. அதில் 1/6 பங்கு ஒருவருக்கு முதுசமாக வந்தது; 3/10 பங்கை அவர் பின்னர் விலைக்கு வாங்கினார். இரண்டும் உறுதிகளிற் பிரிக்கப்படாத பங்குகளாகவே எழுதப்பட்டுள்ளன. அவருக்கு மொத்தமாக உரியது எவ்வளவு?

மாணாக்கர் சிலர் மேலெண்களைக் கூட்டி 4 என்பர்; கீழெண்களைக் கூட்டி 16 என்பர். 4/16 என்பது காற்பங்கு, அதாவது 37½ பேர்ச். விலைக்கு வாங்கிய பங்கு மாத்திரமே 45 பேர்ச் அன்றோ? முதுசத்தையும் சேர்த்த பின்னர் காணி சுருங்கிவிட்டது!

பகுதி எனப்படும் கீழெண், துண்டின் அளவைக் குறிக்கும் பெயர். தொகுதி எனப்படும் மேலெண்ணே துண்டுகளின் எண்ணிக்கை. பெயரைப் பெயரோடு கூட்டுதல் பொருந்தாது. அளவு வேறுபட்ட துண்டுகளை எண்ணிச் சேர்ப்பதும் பொருந்தாது. முதலில் அவற்றை ஒரே அளவினவாக்குதல் வேண்டும். 6, 10 ஆகியவற்றின் பொது மடங்குகளுட் சிறியது 30. காணியை 30 சமகூறுகளாக்கின், ஒரு கூறு 5 பேர்ச். 1/6 என்பது 5 கூறு; 3/10 என்பது 9 கூறு. ஆகவே 14/30, அதாவது 70 பேர்ச்.

இனிச் சுருக்குதல். 14, 30 இரண்டையும் 2 வகுக்கும், விடை 7/15. பொது மடங்குகளுட் சிறியதைக் கொண்டு கூட்டினாற் சுருக்க வேண்டியதில்லை எனச் சிலர் எண்ணுவர். அது தவறென்பதற்கு இக்கணக்கே சான்று. 30ஐ விடுத்து 60ஐக் கொண்டவருக்கு 28/60 கிடைக்கும். அதனை 4ஆல் வகுக்க, அவரும் 7/15க்கே வந்து சேர்வார். சுருக்குவதனால் ஒரு பேர்ச் தானும் கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. இருவர் விடையும் ஒன்றேயென்பது மாத்திரம் தெளிவாகும்.

நம் முன்னோரின் கீழ்வாயிலக்கத்தில் இப்பொதுக் கூறு முன்னமே அமைந்திருந்தது. 1/320 முந்திரி எனப்பட்டது. மா என்னும் 1/20, 16 முந்திரி. மாகாணி என்னும் 1/16, 20 முந்திரி. இரண்டுஞ் சேர்ந்து 36 முந்திரி. 4 முந்திரி ஒரு காணியாதலால் (இங்கு காணி நிலமன்று, 1/80 என்னும் பின்னம்) விடை 9 காணி. சுருக்கலும் அப்பெயர்களுக்குள்ளேயே முடிந்துவிடுகின்றது. ஆயினும் 320ஐ 3 மீதியின்றி வகுக்காது. ஆதலால், மேற்சொன்ன முதுசத்தின் ஆறிலொரு பங்கை முந்திரியால் மிச்சமின்றி அளந்துவிட முடியாது.