மலைவழிப் பயணத்தில் மணிக்கணக்கு

வெள்ளாற்றங்கரையில் வாழும் நம் புவனகிரிப் பகுதி மக்களுக்குக் கண்ணுக்கெட்டிய தூரம் வயல்வெளியே காட்சி. எனவே, பள்ளி விடுமுறையில் பிள்ளைகளுக்கு மலையைக் காட்டி வர நாம் விரும்புவது இயல்பே. உதகைக்கு ஏறி, முதுமலைக் காட்டின் வழியே கருநாடக எல்லையைக் கடந்து, சத்தியமங்கலம் வழியாகத் திரும்பும் சுற்றுப்பயணம் இதற்கு மிகவும் ஏற்றது. ஆனால், சமவெளியில் வண்டியோட்டிப் பழகியவர் மலையிலும் தூரத்தைக் கிலோமீட்டரால் மட்டுமே அளந்து திட்டமிடுவார். அங்கே அக்கணக்கு பொய்த்துவிடும். மலைப்பாதைக்கு நேரமே அளவுகோல்.

முதல் நாள் விடியுமுன் புறப்பட்டு, விருத்தாசலம், சின்னசேலம், ஆத்தூர், சேலம், அவிநாசி வழியே மேட்டுப்பாளையம் சேரலாம். வழி 300 கிலோமீட்டருக்கு மேல். அன்றே மலையேற அவசரப்படாமல் அடிவாரத்தில் இரவு தங்குவதே நன்று. களைத்த கண்களுக்குக் கொண்டை ஊசி வளைவுகள் ஏற்றவையல்ல.

மறுநாள் காலை குன்னூர் வழியே ஏறலாம். நீலகிரிக்குள் செல்லும் வெளியூர் வாகனங்களுக்கு இணையவழி அனுமதிச் சீட்டு முறை, உயர்நீதிமன்ற ஆணைப்படி 2024 மே 7 முதல் நடைமுறைக்கு வந்தது. 2025 கோடையில் வார நாட்களில் 6,000 வாகனங்கள், வார இறுதியில் 8,000 வாகனங்கள் என வரம்பும் விதிக்கப்பட்டது. புறப்படுமுன் அப்போதைய விதியை விசாரித்து அறிதல் வேண்டும். ஞாயிறு உதகையில் அமையுமாயின், இருதய ஆண்டவர் பேராலயத்தில் திருப்பலி கண்டு செல்லலாம்.

உதகையிலிருந்து முதுமலைக்கு இறங்கும் வழிகள் இரண்டு. கல்லட்டி வழி குறுகியது. ஆனால் 36 வளைவுகளுடன் மிகச் செங்குத்தானது. 2018 அக்டோபரில் சென்னையிலிருந்து வந்த எழுவரின் கார் அங்கே பள்ளத்தில் வீழ்ந்தது. இரு நாட்கள் கழித்தே அது கண்டறியப்பட்டது; ஐவர் மாண்டனர். நமக்குரியது கூடலூர் வழியே. சுற்று அதிகம் எனினும் சரிவு குறைவு. எவ்வழியாயினும், ஏறுவதற்கு எந்தக் கியர் தேவையோ அதே கியரில்தான் இறங்க வேண்டும். இடைவிடாது பிரேக்கை மிதித்தால் அது சூடேறிப் பிடிப்பை இழந்துவிடும். எதிரே மேலேறி வரும் வண்டிக்கு வழிவிடுவதும் மலைப்பாதையின் முறை.

கூடலூரைக் கடந்தால் தெப்பக்காடு. அங்கே யானைகள் முகாம் உண்டு. அப்பால் கக்கநல்லா சோதனைச் சாவடி. அதுவே மாநில எல்லை. அடுத்து வருவது பந்திப்பூர்க் காடு. விரைந்து செல்லும் வண்டிகளில் அடிபட்டு விலங்குகள் மாண்டமையால், 2009 முதல் இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணி வரை அங்கே போக்குவரத்து தடுக்கப்பட்டுள்ளது. ஆகவே உதகையில் காலை உணவை முடித்தவுடன் புறப்பட்டு, பிற்பகலிலேயே குண்டலுப்பேட்டையை அடைந்துவிடுவோமாக. காட்டுக்குள் வண்டியை நிறுத்துவதும், மானுக்கோ குரங்குக்கோ தீனி போடுவதும் கூடாது.

திரும்பும் வழி சாமராஜநகர், ஆசனூர், திம்பம் என்று செல்லும். திம்பத்திலிருந்து இறங்க 27 கொண்டை ஊசி வளைவுகள். அக்காட்டிலும் 2022 பிப்ரவரி முதல் இரவுப் போக்குவரத்துக்குக் கட்டுப்பாடு உண்டு. ஆதலால் இதையும் முற்பகலிலேயே கடப்பது நலம்.

வடகிழக்குப் பருவமழை பொழியும் அக்டோபர், நவம்பர் மாதங்களில் குன்னூர்ச் சாலையில் மண் சரிவதுண்டு. அக்காலத்தைத் தவிர்ப்போம்.

இறுதியாக, குடும்பத்தார் அனைவரும் புறப்படுமுன் ஓர் உடன்பாடு செய்துகொள்ளல் வேண்டும். மாலை நெருங்கியும் ஓர் இடம் பார்க்கப்படாமல் எஞ்சுமாயின், அதை விட்டுவிடுவது என்பதே அவ்வுடன்பாடு. "இன்னும் ஒன்று பார்த்துவிடலாம்" என்று பிள்ளைகள் கெஞ்சலாம். பெரியவர்களுக்கும் ஆசை எழலாம். அவ்வேளையில் வண்டியோட்டுபவரை நெருக்காதிருத்தல் நம் அனைவரின் கடமை. காணாத அருவியை அடுத்த ஆண்டு காணலாம். ஏறிய அத்தனை பேரும் நலமாக வீடு திரும்புவதே பயணத்தின் நிறைவு.