ஒரு குமாஸ்தாவைத் தட்டி எழுப்பிய கதை

மாசம் 11-ம் தேதி என்றாலே நம்மில் பலருக்கு வயிற்றைக் கலக்கும். மாதாந்திர ஜி.எஸ்.டி.ஆர்-1 தாக்கலுக்குக் கடைசி நாள்! பி.காம். படித்தவன் என்ற ஒரே குற்றத்துக்காக, சித்தப்பாவின் மோட்டார் உதிரிபாகக் கடைக் கணக்கு என் தலையில். பில் போடும் புரோகிராமைப் பைதானில் எழுதிக் கொடுத்தவன் என் மச்சினன். சாஃப்ட்வேர் கம்பெனி உத்தியோகம். எனக்குச் செய்வது இலவச சேவை - அக்கா கையால் கிடைக்கும் ஃபில்டர் காபிக்காக.

10-ம் தேதி ராத்திரி 10 மணி. புரோகிராமில் 'வரி' என்று ஒரே கட்டம்தான் இருந்தது. அதை மத்திய வரி, மாநில வரி, ஒருங்கிணைந்த வரி என மூன்றாகப் பிரிக்க வேண்டும். 18 சதவீதச் சரக்கு உள்ளூரில் விற்றால் 9 + 9. பெங்களூருக்குப் போனால் முழு 18-ம் ஒருங்கிணைந்த வரி. மச்சினன் கையை வைக்கவே இல்லை. ஏ.ஐ. ஏஜென்ட்டிடம் தமிழிலேயே சொன்னான். அது ஃபைல்களை மடமடவென்று திருத்தியது.

திடீரென்று திரை முழுக்கச் சிவப்புக் கோடு. 27 பிழைகள்!

"என்ன மாப்ளே, சர்ஜரி சக்சஸ், பேஷன்ட் அவுட்டா?"

"இருங்க மாமா... எல்லாத்துலயும் 'இப்படி ஒரு கட்டமே கிடையாது'ன்னு வருது. ஆனா கட்டம் இருக்கே!"

அதற்குள் ஏஜென்ட் பதறிவிட்டது. 27 இடத்திலும் 'இந்தப் பிழையைக் கண்டுகொள்ளாதே' என்று குறிப்பு எழுதிவிடலாமா என்று கேட்டது. சில ஆபீஸ்களில் ஆடிட் அப்ஜெக்‌ஷனுக்குப் பதில் போடுவார்களே, அதே ஸ்டைல்!

"வேண்டாம்"னு அமுக்கிவிட்டு, மச்சினன் விளக்கினான். அவன் சொன்னதை நம்ம பாஷையில் தருகிறேன்.

எடிட்டருக்குப் பைதானும் தெரியாது, ஜாவாவும் தெரியாது. பின்னால் 'லாங்வேஜ் சர்வர்' என்று ஒரு குமாஸ்தா உட்கார்ந்திருக்கிறார். எல்லா ஃபைலையும் படித்து மனசில் ஒரு பேரேடு வைத்திருப்பார். சிவப்புக் கோடு போடுவதும், பாதி வார்த்தை அடித்தால் மீதியை எடுத்துக் கொடுப்பதும் அவர்தான். முன்பெல்லாம் ஒவ்வொரு எடிட்டருக்கும் ஒவ்வொரு மொழிக்கும் தனித்தனி ஆள் வேண்டும். 5 எடிட்டர், 10 மொழி என்றால் 50 பேர்! 2016 ஜூனில் மைக்ரோசாஃப்ட், ரெட் ஹாட், கோட்என்வி ஆகியவை சேர்ந்து 'லாங்வேஜ் சர்வர் புரோட்டோகால்' என்ற பொது நடைமுறையை அறிவித்தன. எல்லோரும் ஒரே பாணியில் பேசினால் 5 + 10, பதினைந்தோடு முடிந்தது.

சிக்கல் எங்கே? குமாஸ்தாவுக்குத் தகவல் போய்ச் சேர்ந்தால்தான் பேரேடு மாறும். ஏஜென்ட் நேரே டிஸ்க்கில் போய் ஃபைலை மாற்றியிருக்கிறது. அந்தச் செய்தி இவருக்கு எட்டவில்லை. நேற்றைய பேரேட்டை வைத்துக்கொண்டு இன்றைய வவுச்சரை எல்லாம் 'தப்பு, தப்பு' என்று அடித்துக்கொண்டிருக்கிறார் மனுஷர்!

"இப்ப என்ன பண்றது?"

"எழுப்பி விடணும் மாமா. ரீஸ்டார்ட்."

அதிலும் முறை இருக்கிறது. எடிட்டர் முதலில் 'ஷட்டவுன்' என்று கேட்க வேண்டும். குமாஸ்தா 'சரி' என்று பதில் தந்த பிறகு 'எக்ஸிட்'. முறைப்படி போனால் முடிவு எண் 0. ஷட்டவுன் சொல்லாமல் எக்ஸிட் சொன்னால் 1. ராஜினாமாக் கடிதம் தராமல் ரிலீவிங் ஆர்டர் கேட்கிற மாதிரி! பிறகு புதிதாக ஆரம்பித்து, எல்லாவற்றையும் முதலிலிருந்து படிப்பார்.

இதை ஏஜென்ட்டே செய்யும்படி மச்சினன் ஒரு சின்ன 'டூல்' எழுதினான். ஏஜென்ட்டுக்குக் கை கால் கிடையாது. 'இந்த டூலை இயக்குங்கள்' என்று சீட்டு எழுதிக் கொடுக்கும். எடிட்டர் பக்கம் இருக்கும் புரோகிராம் அதைச் செய்துவிட்டு முடிவைச் சொல்லும், அவ்வளவுதான்.

இயக்கினோம். ஏஜென்ட் குதித்தது: "பிழைகள் 0. எல்லாம் சரியாகிவிட்டது!"

நான் காபி டம்ளரைக் கையில் எடுத்தேன். மச்சினன் மட்டும் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அரை நிமிஷம் ஆகியிருக்கும். ஒரு சிவப்புக் கோடு எட்டிப் பார்த்தது.

பெங்களூர் பில் போடும் இடம்! அங்கே மட்டும் ஏஜென்ட் பழைய 'வரி' கட்டத்தையே விட்டு வைத்திருந்தது. பழைய பேரேட்டில் அந்தக் கட்டம் இருந்ததால், குமாஸ்தா அதற்கு 'சரி' போட்டிருந்தார். சரியான 27-ஐத் தப்பு என்றவர், தப்பான ஒன்றைச் சரி என்றிருக்கிறார்! விட்டிருந்தால், மறுநாள் முதல் பெங்களூர் பில்லிலேயே புரோகிராம் படுத்திருக்கும், நானும்தான்.

அப்படியானால் அந்த '0'? குமாஸ்தா எழுந்து கண்ணாடி போடுவதற்குள், அவர் மேஜையைப் பார்த்துவிட்டு 'குறையே இல்லை' என்று எழுதிய ரிப்போர்ட் அது. 'தப்பு இல்லை' என்பது வேறு, 'இன்னும் பார்க்கவில்லை' என்பது வேறு. ஆபீஸில் இருபது வருஷ சர்வீஸ் போட்டவர்களே கோட்டை விடுகிற இடம்!

மச்சினன் அன்றைக்கே டூலில் மூன்று விதி சேர்த்தான். ஒன்று, ரீஸ்டார்ட் ஆனதும் குமாஸ்தா படித்து முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும். இரண்டு, ஒரு வேலைக்கு ஒரு தடவைதான் ரீஸ்டார்ட். இல்லாவிட்டால் ஒவ்வொரு பிழைக்கும் 'சர்வர் சரியில்லை சார்' என்று சாக்குச் சொல்லப் பழகிவிடும். மூன்று, அதே பிழைச் சோதனையை டெர்மினலில் தனியாக ஓட்டிப் பார்க்க வேண்டும். அது டிஸ்க்கில் இருப்பதைப் புதிதாகப் படிக்கும். வெளி ஆடிட்டர் மாதிரி. அதுவும் பிழை என்றால் நிஜப் பிழை. அது சுத்தம் என்று சொல்லி, எடிட்டர் மட்டும் சிவந்தால் குமாஸ்தா தூங்குகிறார் என்று அர்த்தம்.

11-ம் தேதி மத்தியானமே தாக்கல் முடிந்தது. சித்தப்பாவுக்குப் போன் போட்டு முழுக் கதையையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"அப்ப தட்டி எழுப்பி விட்டா எல்லாம் சரியாயிடுதா தம்பி?"

"ஆமா சித்தப்பா."

"சாயங்காலம் மாப்பிள்ளையைக் கொஞ்சம் கடைக்கு வரச் சொல்லு. கல்லாவுல ரெண்டு பேர் உட்கார்ந்திருக்கானுங்க..."