"நீ மனுஷனா, பாட்டா?": கான்ட்ராக்ட் கேட்டு ஏமாந்த கதை

பிளாக்செயின் கேம்ல பாட்டைப் பிடிச்சு பேன் பண்ண முடியாதானு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. இந்த எபிசோட் அதுக்குத்தான்.

சாதாரண ஆன்லைன் கேம்ல சர்வர் கம்பெனி கையில இருக்கு. சந்தேகம் வந்தா அக்கவுன்ட்டை முடக்கிடுவாங்க. பிளாக்செயின்ல விதி எல்லாம் ஸ்மார்ட் கான்ட்ராக்ட்ல இருக்கு. அதுக்குத் தெரிஞ்சது முகவரியும் டிஜிட்டல் கையெழுத்தும் மட்டும்தான். பட்டனை அமுக்கினது விரலா, ஸ்கிரிப்டானு அதுக்குத் தெரியவே தெரியாது.

இதுக்கு நல்ல உதாரணம், 2018-ல எத்தீரியத்துல வந்த ஃபோமோ3டி. ஒரு கடிகாரம் ஓடிட்டே இருக்கும். யாராவது 'கீ' வாங்கினா 30 விநாடி கூடும். நேரம் முடியும்போது கடைசியா வாங்கியிருந்தவருக்குப் பரிசுப் பணத்துல பெரிய பங்கு.

பாட்டைத் தடுக்க அதுல 'இஸ்ஹியூமன்'னு ஒரு சோதனை இருந்தது. கூப்பிடுற முகவரியில கோட் இருந்தா அது இன்னொரு கான்ட்ராக்ட், உள்ளே விடாதே. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒரு கான்ட்ராக்ட் உருவாகிட்டு இருக்கும்போது, அதோட கோட் அளவு பூஜ்ஜியம்னுதான் காட்டும். அந்த நேரத்துல கூப்பிட்டா 'மனுஷன்'தான்! ஏர்டிராப் பரிசுக்கான ரேண்டம் எண்ணும் பிளாக் விவரங்கள்ல இருந்துதான் வந்தது. அதனால முன்கூட்டியே கணக்குப் போட்டு, ஜெயிக்கும்னு தெரிஞ்சா மட்டும் ஆட முடிஞ்சது.

முதல் ரவுண்ட் முடிஞ்சது ஆகஸ்ட் 2018-ல. ஒருத்தர் கீ வாங்கினார். உடனே அவரோட கான்ட்ராக்ட்டுகள் அதிக கேஸ் கட்டணம் கொடுத்து, அடுத்தடுத்த பிளாக்குகளை வெத்து வேலையால நிரப்பிடுச்சு. மத்தவங்க அனுப்பின டிரான்ஸாக்‌ஷனுக்கு உள்ளே இடமே இல்லை. கடிகாரம் நின்னுது. அவருக்குக் கிடைச்சது 10,469 ஈதர், அன்னைக்கு சுமார் 30 லட்சம் டாலர்.

இதுல எந்த விதியும் மீறப்படலை. ஆனா நியாயமானு கேட்டா, கடைசி நிமிஷத்துல கீ வாங்க முயற்சி பண்ணி 'பெண்டிங்'கையே பார்த்துட்டு இருந்தவங்க ஆமான்னு சொல்ல மாட்டாங்க.

அப்போ என்னதான் வழி? ஆளைப் பார்க்காம ஆட்டத்தை மாத்தணும். ஒண்ணு, கமிட்-ரிவீல்: நம்ம முடிவை முதல்ல ஹாஷா பூட்டி அனுப்பிட்டு, அப்புறம் திறந்து காட்டறது. நடுவுல பார்த்து முந்த முடியாது. ரெண்டு, விஆர்எஃப்: ரேண்டம் எண்ணோட அது சரியா வந்ததுங்கிற சான்றும் சேர்ந்து வரும். மூணு, பாட்டை வெளிப்படையா அனுமதிக்கறது. 2020-ல வந்த டார்க் ஃபாரஸ்ட், ஜீரோ நாலெட்ஜ் புரூஃப் வச்சு கிரகங்களோட இடத்தை மறைச்சது. வீரர்கள் தாங்களே ஸ்கிரிப்ட் எழுதி ஓட்டலாம். அங்கே கோட் எழுதறதும் ஆட்டத்துல ஒரு பகுதி.

மூணாவது வழியிலயும் ஒரு சிக்கல் இருக்கு. கோட் தெரியாதவங்க பின்தங்கிடுவாங்க. அதனால காசு போடறதுக்கு முன்னாடி ரெண்டே கேள்வி கேளுங்க: ரேண்டம் எங்கிருந்து வருது? கடைசி விநாடியில முந்தறவருக்குத்தான் பரிசா? ரெண்டாவதுக்குப் பதில் ஆமான்னா, உங்க எதிராளி அநேகமா ஒரு ஸ்கிரிப்ட்தான். அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்!