தீக்காயம்... ரத்தத்திலும் கொழுப்பு கெடும்!

பலகாரம் சுட்ட எண்ணெயை நாள்கணக்கில் வைத்திருந்தால் சிக்கு வாடை அடிக்கும். எண்ணெயிலுள்ள கொழுப்பைக் காற்றிலிருக்கும் ஆக்சிஜன் கெடுத்துவிடுவதுதான் காரணம். கிட்டத்தட்ட இதே வேலை, பெரிய தீக்காயம் பட்டவரின் ரத்தத்திலும் நடக்கிறது என்றால் நம்புவீர்களா?

தோல் வெந்ததுமே வெள்ளையணுக்கள் காயத்தை நோக்கி ஓடிவருகின்றன. கிருமிகளைக் கொல்ல அவை கக்கும் 'ஃப்ரீ ராடிக்கல்'கள், சொந்த செல்களின் கொழுப்புச் சுவரையும் பதம் பார்க்கின்றன. ஒரு கொழுப்பு மூலக்கூறு கெட்டால் பக்கத்தில் இருப்பதும் கெடும், சரவெடி மாதிரி. இந்தச் சரத்தை நடுவில் அறுப்பது வைட்டமின் ஈ. தீக்காயத்தில் அந்தக் கையிருப்பும் குறைந்துவிடுகிறது. ரத்தக்குழாய்கள் கசிந்து, தீ படாத இடமும் வீங்குவதற்கு இந்தச் சேதமும் ஒரு காரணம்.

இதை எப்படி அளப்பது? கொழுப்பு சிதையும்போது 'மலோண்டைஆல்டிஹைடு' என்ற பொருள் மிஞ்சும். சீரத்தோடு தயோபார்பிட்யூரிக் அமிலம் சேர்த்துச் சூடாக்கினால் இளஞ்சிவப்பு நிறம் வரும். 532 நானோமீட்டர் ஒளியை அது எவ்வளவு விழுங்குகிறது என்று பார்ப்பார்கள். இறைச்சியிலுள்ள கொழுப்பு கெட்டுவிட்டதா என்று உணவு ஆய்வகங்கள் பார்ப்பதும் இதே சோதனையில்தான்!

மலிவான சோதனை. ஆனால், கொஞ்சம் பொய்யும் சொல்லும். சர்க்கரை, பிலிருபின் போன்றவையும் அந்த அமிலத்தோடு சேர்ந்து கணக்கைக் கூட்டிவிடும். இதைவிட வேடிக்கை, எடுத்த ரத்தத்தைச் சும்மா வைத்திருந்தால் குழாய்க்குள்ளேயே கொழுப்பு கெடத் தொடங்கும். அப்புறம் அளப்பது நோயாளியின் சேதத்தையா, ஆய்வகத்தின் தாமதத்தையா? அதனால் உடனே குளிரவைத்து, தடுப்பு மருந்து சேர்த்து, மைனஸ் 80 டிகிரியில் பத்திரப்படுத்துகிறார்கள். 1990-ல் அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தார் அறிவித்த 'ஐசோபுரோஸ்டேன்' இன்னும் நம்பகமான சாட்சி. என்ன, அதற்கான கருவிதான் விலை அதிகம்.

இத்தனை மெனக்கெடுவது எதற்கு? 2000-ல் ஜப்பானில், உடலில் 30 சதவிகிதத்துக்கு மேல் வெந்த 37 பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது. முதல் 24 மணி நேரம் மிக அதிக அளவில் வைட்டமின் சி ஏற்றப்பட்டவர்களுக்கு டிரிப்ஸ் குறைவாகவே தேவைப்பட்டது. வீக்கமும் குறைந்தது. ரத்தத்தில் மலோண்டைஆல்டிஹைடும் குறைவாகவே இருந்தது.

அதற்காக மாத்திரையை அள்ளி விழுங்கிவிட வேண்டாம். அது ஐ.சி.யூ-வில் நரம்பு வழியாக ஏற்றப்பட்டது. அந்த அளவு சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும் என்பதால், இன்றும் எல்லா மருத்துவர்களும் இதைக் கையாள்வதில்லை. இன்னொரு வில்லங்கமும் உண்டு. வைட்டமின் சி ஏறிய ரத்தத்தில் சில குளுக்கோமீட்டர்கள் சர்க்கரையை அதிகமாகக் காட்டும். அதை நம்பி இன்சுலின் போட்டால் ஆபத்து. எனவே, அந்த நோயாளிகளுக்குச் சர்க்கரையை ஆய்வகத்தில்தான் பார்க்கிறார்கள்.