நல்ல படத்துக்கு ஊர் தேடிப் போக வேண்டுமா?

“நல்ல போட்டோ எடுக்கணும்னா எங்க போகணும்?” மாணவர்களைச் சந்திக்கும் இடங்களில் நம்மிடம் அடிக்கடி வரும் கேள்வி இது. கேட்பவர்களிடமே பதிலும் இருக்கும். கொடைக்கானல், தனுஷ்கோடி என்பார்கள். கையில் காசு இருந்தால் லடாக். அதோடு இன்னொரு வார்த்தையும் வரும்: “நம்ம காலனியில எடுக்க என்ன இருக்கு?”

இந்தக் கடைசி வார்த்தைதான் நம்மை உறுத்துகிறது. தான் பிறந்த தெருவில் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை என்று ஒரு பிள்ளை நினைத்தால், அதை அவனுக்கு யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள் என்று பொருள். ஆகஸ்ட் 19 உலகப் புகைப்பட நாள். கல்லூரிகளில் போட்டிகள் நடக்கும் காலம். அதனால் இந்தக் கேள்வியைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

முதலில் ஒன்று. தூரத்து ஊர் என்று எதுவும் தனியாகக் கிடையாது. லடாக்கில் பிறந்தவனுக்கு யானைமலையும் கீழக்குயில்குடித் தாமரைக் குளமும்தான் அதிசயம். சித்திரையில் அழகர் ஆற்றில் இறங்குவதையும், தையில் அலங்காநல்லூர் வாடிவாசலையும் எடுக்க உலகின் பல மூலைகளிலிருந்து கேமராக்கள் மதுரைக்கு வருகின்றன. நாம் விட்டுவிட்டுப் போக நினைக்கும் ஊருக்குத்தான் அவர்கள் பணம் செலவழித்து வருகிறார்கள்.

ஆளில்லாத மதுரை

மதுரையை முதன்முதலில் விரிவாகப் படம் எடுத்தவர்களில் ஒருவர் லின்னேயஸ் டிரைப். கிழக்கிந்தியக் கம்பெனியின் படை அதிகாரி; சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரர். 1858-ல் அவர் எடுத்த படங்களில் மீனாட்சியம்மன் கோயில், புது மண்டபம், திருமலை நாயக்கர் மகால், தெப்பக்குளம் எல்லாம் இருக்கின்றன. கல்லில் உள்ள சிற்றுளி வேலைகூடத் தெளிவாகத் தெரியும். மனிதர்களைத்தான் தேட வேண்டும். அன்றைய கேமராவில் ஒரு படம் பதிய வெகுநேரம் ஆகும். அசையாமல் நின்ற கல் பதிந்தது. வேலைக்காக நடந்துகொண்டே இருந்தவர்கள் பதியவில்லை.

இதில் நமக்கு இன்னொரு கணக்கும் உண்டு. 1858-ல் வெள்ளைக்காரர் கேமரா கோயில் பிரகாரத்தைப் பார்த்துவிட்டது. நம் மக்கள் அந்தக் கோயிலுக்குள் காலெடுத்து வைத்தது 1939 ஜூலை 8-ல், வைத்தியநாத ஐயருடன் கக்கன் உள்ளிட்டோர் நுழைந்த நாளில்தான். கேமராவுக்கும் நமக்கும் இடையே 81 ஆண்டுகள்.

நம்மை எடுத்த படங்களும் பிறகு வந்தன. எட்கர் தர்ஸ்டன் 1909-ல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட ‘தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்’ நூலில் படங்கள் உண்டு. மூக்கின் நீள அகலத்தை அளந்து மனிதர்களைப் பட்டியலிட்ட வேலை அது. அந்தப் படங்களின் கீழே பெரும்பாலும் சாதியின் பெயர் இருக்கும். நிற்கிற ஆளின் பெயர் இருக்காது. கோயிலை எடுத்தபோது நம்மைக் காணோம். நம்மை எடுத்தபோது பெயரைக் காணோம்.

வாடிப்பட்டியும் ஜவகர்லால்புரமும்

கேமரா நம் பக்கத்து ஆட்களின் கைக்கு வந்தபோது என்ன நடந்தது என்பதற்கு வெளியே போய் உதாரணம் தேட வேண்டியதில்லை. இரண்டு பேர் நம் மாவட்டத்திலேயே இருக்கிறார்கள்.

ஒருவர் வாடிப்பட்டியைச் சேர்ந்த ஜெய்சிங் நாகேஸ்வரன். தன்னை தலித் என்று வெளிப்படையாகச் சொல்லிக்கொண்டு வேலை செய்யும் புகைப்படக் கலைஞர். அவருடைய பாட்டி பொன்னுத்தாய், நம் பிள்ளைகள் படிப்பதற்காக வாடிப்பட்டியில் பள்ளிக்கூடம் தொடங்கியவர். வெளியூர்களில் சுற்றிப் படம் எடுத்துக்கொண்டிருந்த ஜெய்சிங், கொரோனா ஊரடங்கில் சொந்த வீட்டில் தங்க வேண்டி வந்தது. வெளியே போக வழியில்லாத அந்த நாட்களில் தன் குடும்பத்தாரையே எடுத்தார். ‘நான் மீனைப் போல் உணர்கிறேன்’ என்று பொருள்படும் தலைப்பில் வந்த அந்தப் படவரிசைதான் வெளிநாட்டுக் கண்காட்சிச் சுவர்கள் வரை போனது.

இன்னொருவர் மதுரை ஜவகர்லால்புரத்தைச் சேர்ந்த மு. பழனிகுமார். பொறியியல் படிக்கும் காலத்தில், 2013-ல், சொந்தமாக ஒரு கேமரா வாங்கினார். அதில் அவர் எடுக்கத் தொடங்கியது மீன் விற்றுக் குடும்பத்தைக் காப்பாற்றிய தன் அம்மாவை. விடியுமுன் சந்தைக்குப் போகும் அம்மாவின் பின்னால் நடந்தவருக்கு, சந்தையில் உழைக்கும் மற்ற பெண்களும் தெரிய ஆரம்பித்தார்கள். மலக்குழி மரணங்களைப் பற்றி திவ்யபாரதி இயக்கி 2017-ல் வெளிவந்த ‘கக்கூஸ்’ ஆவணப்படத்துக்கு ஒளிப்பதிவு செய்தவர் இவர்தான். சாய்நாத் 2014-ல் தொடங்கிய ‘பாரி’ மக்கள் ஆவணக் காப்பகத்தில் இன்று புகைப்படக் கலைஞர். தயனிதா சிங் பெயரில் ‘பாரி’ வழங்கும் ஆவணப் புகைப்பட விருதை 2022-ல் முதலில் பெற்றவரும் இவரே.

இருவரும் எடுத்தது சுற்றுலாத் தலங்களை அல்ல. ஒருவர் வீடு, ஒருவர் அம்மா போகும் சந்தை. வேறு எவரும் அங்கே கேமராவோடு போயிருக்கலாம். ஆனால் அந்த அம்மா எந்த நேரத்தில் களைத்து உட்காருவார், எந்த நேரத்தில் சிரிப்பார் என்பது வெளியிலிருந்து ஒருநாள் வந்துபோகிறவருக்குத் தெரியாது. நெருங்கிய பழக்கமும் நம்பிக்கையும்தான் அந்தப் படங்களில் வேலை செய்திருக்கின்றன.

தமிழ் படிக்கும் மாணவர்களுக்கு இது புதிதல்ல. முதல், கரு, உரி என்று பொருளை மூன்றாகப் பிரித்த தொல்காப்பியம், அவை ஒன்றைவிட ஒன்று சிறந்தவை என்று வரிசையும் சொல்கிறது. நிலமும் பொழுதும் முதற்பொருள். அவற்றைவிடச் சிறந்தது கருப்பொருள். எல்லாவற்றிலும் சிறந்தது மனித உணர்வாகிய உரிப்பொருள். மலையும் கடலும் கவிதைக்கே மூன்றாம் இடத்தில் இருக்க, படத்துக்கு மட்டும் எப்படி முதலிடம் வரும்?

துடைப்பத்தோடு நின்ற பெண்

கடல் கடந்தும் ஒரு சாட்சி இருக்கிறது. அமெரிக்கக் கறுப்பினப் புகைப்படக் கலைஞர் கார்டன் பார்க்ஸ், தன் முதல் கேமராவை அடகுக்கடை ஒன்றில் மலிவாக வாங்கியவர். 1942-ல் வாஷிங்டனில் அரசு நிறுவனம் ஒன்றில் பயிற்சிக்குச் சேர்ந்தார். கடையிலும் உணவகத்திலும் திரையரங்கிலும் கறுப்பர் என்று திருப்பி அனுப்பப்பட்டார். இந்த நிறவெறியை எப்படிப் படம் எடுப்பது? வெறுப்போடு முறைக்கும் ஒரு வெள்ளைக்காரரை எடுத்தால் அது அந்த ஒரு முகத்தோடு முடிந்துவிடும்.

அதே அலுவலகத்தில் தரை துடைக்கும் எல்லா வாட்சன் என்ற பெண்ணிடம் அவர் பேச்சுக் கொடுத்தார். வாழ்க்கைக் கதையைக் கேட்டார். பிறகு, சுவரில் தொங்கிய அமெரிக்கக் கொடியின் முன்னால், ஒரு பக்கம் துடைப்பமும் மறுபக்கம் தரைதுடைப்பானுமாக அவரை நிற்க வைத்து எடுத்தார். அந்த நூற்றாண்டின் புகழ்பெற்ற படங்களில் ஒன்று அது. எடுக்கப்பட்ட இடம் ஓர் அரசு அலுவலகம். அந்த ஒரு படத்தோடு அவர் நிறுத்திவிடவும் இல்லை. அந்தப் பெண்ணின் வீடு, பேரப்பிள்ளைகள், வழிபாட்டு இடம் என்று தொடர்ந்து எடுத்தார். துடைப்பம் பிடித்தவருக்கு ஒரு முழு வாழ்க்கை உண்டு என்று காட்டினார்.

நம் தெருவே வேடிக்கையானால்

இங்கே ஓர் ஆபத்தையும் சொல்லியாக வேண்டும். தூரத்து அழகைத் தேடுகிற கண், சில நேரம் நம் தெருவுக்கும் வருகிறது. ஓட்டைக் கூரை, மூக்கொழுகும் குழந்தை, சாக்கடைக்குள் மார்பளவு நிற்கும் மனிதர். எடுத்தவருக்குப் பரிசு கிடைக்கிறது. எடுக்கப்பட்டவருக்கு அந்தப் படம் எங்கே போனது என்றே தெரியாது. மலையை வேடிக்கை பார்ப்பதுபோல வறுமையையும் வேடிக்கை பார்க்கிறார்கள்.

கேமரா எந்த உயரத்திலிருந்து பார்க்கிறது என்று கவனியுங்கள். குழிக்குள் நிற்பவரை மேலே நின்று குனிந்து எடுத்தால், பார்க்கிறவர் எல்லோரும் மேலே நிற்பவர் ஆகிவிடுவார்கள். அவர் வெளியே வந்து, கைகால் கழுவி, பிள்ளையோடு உட்காரும்வரை காத்திருந்து கண்மட்டத்தில் எடுத்தால், அவர் நம்மைத் திரும்பிப் பார்ப்பார். குழியின் கொடுமையை மறைக்கச் சொல்லவில்லை. அது சட்டப்படி குற்றம். 2013-ம் ஆண்டுச் சட்டம் தெளிவாகச் சொல்கிறது. மலக்குழி மரணத்துக்கு 10 லட்ச ரூபாய் என்று 2014-ல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், 2023-ல் அதை 30 லட்சமாக உயர்த்தியிருக்கிறது. அங்கே படம் சாட்சியாகிறது. சாட்சிக்காக எடுப்பதும் பரிசுக்காக எடுப்பதும் ஒன்றல்ல என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

அருவி வரைந்த திரை

அப்படியானால் அழகான இடத்துக்கு ஆசைப்படுவது தவறா? இல்லை. மேலூரிலும் உசிலம்பட்டியிலும் பஸ் ஸ்டாண்ட் பக்கம் இருந்த பழைய ஸ்டூடியோக்களை நினைத்துப் பாருங்கள். பின்னால் அருவியும் மாளிகையும் வரைந்த திரை. முன்னால் ஒரு நாற்காலி. ஊர்த்தெருவில் செருப்புப் போட்டு நடக்க முடியாதவர், திண்ணையில் உட்கார முடியாதவர், அந்த ஸ்டூடியோவில் செருப்போடு கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார். இரவல் கைக்கடிகாரம் கட்டிக்கொண்டார். நம் பாட்டன் பாட்டிமாரின் அந்தப் படங்களை இன்று பார்க்கும்போது நம் கண் அருவியில் நிற்பதில்லை. உட்கார்ந்திருக்கும் தோரணையில் நிற்கிறது. திரை பொய். தோரணை உண்மை.

ஆகவே கொடைக்கானல் போகிற பிள்ளையைத் தடுக்க வேண்டாம். அங்கேயும் படம் எடுக்கட்டும். மலை உதவி செய்யும். ஆனால் படத்தைப் பெரிதாக்கும் பொறுப்பை அதன் தலையில் கட்ட முடியாது.

ஒரு சுவரின் படம்

நம் மாவட்டத்தில் எழுமலைக்குப் பக்கத்தில் உள்ள உத்தப்புரத்தை எடுத்துக்கொள்வோம். 1989-ல் தலித் குடியிருப்பைப் பிரித்து எழுப்பிய, சுமார் 600 மீட்டர் நீளச் சுவர். அந்தச் சுவரில் அழகு என்ன இருக்கிறது? வெறும் கல்லும் பூச்சும். இருபது ஆண்டுகளாகத் தினமும் பலர் அதைக் கடந்து போனார்கள். சுவரின் மேல் மின்கம்பி போட்டது 2008-ல் வெளியே வந்தபோது, நாளிதழ்களில் அந்தச் சுவரின் படம் வந்தது. அதுவரை ‘ஊர்ச் சுவர்’ என்று சொல்லிவந்தவர்கள்கூட அதன் பெயரைச் சொல்ல வேண்டியதாயிற்று: தீண்டாமைச் சுவர். 2008 மே 6-ல் அரசு நிர்வாகம் சுவரின் ஒரு பகுதியை இடித்துப் பாதை திறந்தது.

சுவரை இடித்தது படம் அல்ல. அந்த மக்களும் அவர்களோடு நின்ற இயக்கங்களும் நடத்திய போராட்டம். ஆனால் ‘அப்படி ஒன்றும் இல்லை’ என்ற பேச்சுக்கு இடமில்லாமல் செய்ததில் படத்துக்கும் பங்கு உண்டு. எல்லோரும் பார்த்தும் பாராததுபோல் கடந்த ஒன்றை, இனி அப்படிக் கடக்க முடியாமல் ஆக்குகிற படம்தான் பெரிய படம் என்று நாம் சொல்லுவோம். அதற்கு ஏற்ற இடங்கள் நம் கிராமங்களில் நிறையவே கிடக்கின்றன. மயானத்துக்குப் போகும் பாதையும் அதில் ஒன்று. அம்பேத்கர் சிலையைச் சுற்றிப் போட்ட இரும்புக் கூண்டும் அதில் ஒன்று.

கையில் போன் இருப்பவர்களுக்கு

மாணவர்களுக்குச் சில வார்த்தைகள். போன் கேமரா போதும். நம் ஊர் மத்தியான வெயில் முகத்தில் கறுப்பு நிழலைப் போடும். காலை எட்டு மணிக்குள்ளும் மாலை ஐந்துக்குப் பிறகும் எடுங்கள். வீட்டுக்குள் என்றால் வாசல் ஓரத்தில் உட்கார வைத்தால் வெளிச்சம் முகத்தில் மெதுவாக விழும். எடுக்குமுன் கேளுங்கள். வேண்டாம் என்றால் போனை மடக்கிவிடுங்கள். பெயர், ஊர், தேதி மூன்றையும் எழுதி வையுங்கள். தர்ஸ்டன் எழுதாமல் விட்ட பெயரை நாமாவது எழுத வேண்டும். பாலியல் வன்கொடுமைக்கு உள்ளானவரையோ, அத்தகைய வழக்கில் உள்ள குழந்தையையோ அடையாளம் தெரியும்படி வெளியிடுவது தண்டனைக்குரிய குற்றம். வாட்ஸ்அப்பில் வந்ததை முன்னனுப்புவதும் அதில் சேரும்.

இன்னொன்றும் உண்டு. நம் வீடுகளில் பல பெரியவர்கள் ஆதார் அட்டைப் படம் தவிர வேறு படம் இல்லாமலே போய்ச் சேர்கிறார்கள். துக்க வீட்டில் அந்தச் சின்னப் படத்தையே பெரிதாக்கி, மாலை போட்டு, ஃபிளெக்ஸ் அடிக்கிறோம். அதில் அவர் முகமே தெளிவாக இருக்காது. நடவு நட்ட கையும், பறை அடித்த தோளும், பிள்ளையைப் படிக்க வைத்த நெஞ்சுரமும் எந்தப் படத்திலும் இல்லாமல் போய்விடுகின்றன.

இந்த ஆகஸ்ட் 19-ல் போட்டிக்கு அனுப்புகிறவர்கள் அனுப்பட்டும். அதோடு, உங்கள் தெருவில் வயதில் மூத்தவர் யாரோ, அவரிடம் போய் உட்காருங்கள். அரைமணி நேரம் பேசுங்கள். அவருக்குப் பிடித்த சேலையோ வேட்டியோ கட்டிக்கொள்ளட்டும். பிடித்த இடத்தில் உட்காரட்டும். ஒரு படம் எடுங்கள். டவுனில் பிரிண்ட் போடப் பெரிய செலவில்லை. பின்பக்கம் பெயரும் தேதியும் எழுதி, அதை அவர் கையிலேயே கொண்டுபோய்க் கொடுங்கள்.