குண்டு நமக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது
(ஒரு திகில் படத்தின் முதல் மூன்று நிமிடங்கள்)

திகில் படம் என்றால் இருட்டு, அலறல், கதவு கிறீச்சிடும் ஓசை, பின்னாலிருந்து தோளில் விழும் ஒரு கை, இவ்வளவுதான் என்று நெடுநாள் நானும் எண்ணியிருந்தேன். இவையெல்லாம் நம்மைத் திடுக்கிட வைக்கும், மறுப்பதற்கில்லை. ஆனால் திடுக்கிடுவது வேறு, பதைப்பது வேறு. திடுக்கிடல் ஒரு விநாடியில் வந்து மறு விநாடியில் போய்விடும். பதைப்பு அப்படியல்ல. நம்மை நாற்காலி நுனிக்குக் கொண்டுவந்து அங்கேயே உட்கார்த்தி வைக்கும். ஒரு நல்ல இயக்குநர் படம் தொடங்கிய சில நிமிடங்களிலேயே இதை எப்படிச் செய்கிறார் என்பதை எனக்குத் தெரிந்த அளவில் சொல்லப் பார்க்கிறேன்.

நமக்குப் பழக்கமான படத்திலிருந்தே தொடங்குவோம். வீணை எஸ். பாலசந்தர் இயக்கி 1954-இல் ஏவி.எம். வெளியிட்ட 'அந்த நாள்' மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். பாட்டு, நடனம் ஒன்றுமில்லாத படம். ரேடியோ இன்ஜினீயர் ராஜனாக வரும் சிவாஜி கணேசன் சுடப்பட்டுச் சாவதில் கதை ஆரம்பமாகிறது. கதாநாயகனே முதலில் போய்விட்டானே, சுட்டது யார்? அந்தக் கேள்விதான் நம்மைக் கடைசிவரை இழுத்துக்கொண்டு போகிறது. இங்கே இயக்குநர் ஒரு செய்தியை நம்மிடமிருந்து மறைக்கிறார். இது ஒரு வழி.

இதற்கு நேர் எதிரான வழியும் உண்டு. மறைக்காமல் எல்லாவற்றையும் நம்மிடம் முதலிலேயே சொல்லிவிடுவது. 1962-இல் பிரெஞ்சு இயக்குநர் த்ரூஃபோவுடன் நடந்த நீண்ட உரையாடலில் ஹிட்ச்காக் இதற்கு ஓர் உதாரணம் சொன்னார். மேசையைச் சுற்றிச் சிலர் வெட்டிப்பேச்சு பேசிக்கொண்டிருக்கிறார்கள். மேசைக்கு அடியில் குண்டு. அது திடீரென்று வெடித்தால் பார்ப்பவர்களுக்குக் கிடைப்பது 15 விநாடி அதிர்ச்சி. குண்டு இருப்பதை முன்னரே காட்டிவிட்டால் அதே வெட்டிப்பேச்சு 15 நிமிடப் பதைப்பாக மாறிவிடும். உண்டியல் தவணை நெருங்கும்போது வியாபாரிக்கு வயிற்றைப் பிசையுமே, தவணை நாள் தெரிந்திருப்பதால்தானே பிசைகிறது! அதே கணக்குதான் இதுவும்.

இந்த இரண்டாம் வழிக்கு எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த சான்று ஆர்சன் வெல்ஸ் இயக்கி 1958-இல் வந்த 'டச் ஆஃப் ஈவில்' என்ற அமெரிக்கப் படத்தின் தொடக்கம். கறுப்பு வெள்ளைப் படம், ஒளிப்பதிவு ரஸ்ஸல் மெட்டி. மெக்ஸிகோ அமெரிக்க எல்லையில் உள்ள ஒரு சிற்றூரில் இரவு நேரத்தில் கதை தொடங்குகிறது. படம் பிடித்தது என்னவோ கலிபோர்னியாவின் வெனிஸ் பகுதியில்.

முதலில் தெரிவது இரண்டு கைகள், அவற்றில் ஒரு குண்டு. விரல்கள் அதன் கடிகாரத்தைத் திருப்பி வைக்கின்றன. தூரத்தில் ஒரு பெண்ணின் சிரிப்பு. குண்டு வைத்திருப்பவன் ஓடுகிறான், சுவரில் அவன் நிழலும் கூடவே ஓடுகிறது. நின்றிருக்கும் ஒரு திறந்த காரின் டிக்கியில் குண்டை வைத்து மூடிவிட்டு மறைந்துவிடுகிறான். சிரித்த பெண்ணும் உடன் வந்த ஆணும் அந்தக் காரில் ஏறுகிறார்கள். கார் புறப்படுகிறது. காமிரா கிரேனில் ஏறிக் கூரைகளுக்கு மேலாகப் போய்த் தெருவில் காரைப் பிடிக்கிறது. எல்லைச் சோதனைச் சாவடி வரை தொடர்ந்து போய், கார் வெடிக்கும் ஓசை கேட்கும்வரை இது ஒரே ஷாட். நடுவில் ஒரு வெட்டுகூடக் கிடையாது. ஏறக்குறைய 3 நிமிடம் 20 விநாடி.

ஏன் வெட்டவில்லை? திறமையைக் காட்டவா? அப்படித்தான் பலர் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒவ்வொரு வெட்டும் பார்ப்பவனுக்கு ஒரு மூச்சு. வெட்டு விழுந்தால் கொஞ்ச நேரம் கழிந்துபோயிருக்கலாம், இடம் மாறியிருக்கலாம், யாராவது குண்டைக் கண்டுபிடித்திருக்கலாம் என்று மனம் சமாதானம் தேடும். வெட்டே இல்லாதபோது குண்டின் கடிகாரமும் நம் கைக்கடிகாரமும் ஒரே வேகத்தில் ஓடுகின்றன. தப்பிக்க இடமில்லை.

இரண்டாவது உத்தி, தடங்கல்கள். போக்குவரத்துப் போலீஸ்காரர் காரை நிறுத்துகிறார். தள்ளுவண்டி குறுக்கே வருகிறது. ஆட்டுக்கூட்டம் வழியை மறிக்கிறது. எந்த ஊர்த் தெருவிலும் நாம் அன்றாடம் காண்பவைதான், ஆனால் இங்கே ஒவ்வொன்றும் குண்டிடம் இருக்கும் நேரத்தைத் தின்கிறது.

மூன்றாவது, கவனத்தைத் திருப்புவது. வழியில் ஒரு புதுமணத் தம்பதி நடந்து வருகிறார்கள். சார்ல்டன் ஹெஸ்டனும் ஜேனட் லீயும் நடித்த பாத்திரங்கள். காமிரா காரை விட்டுவிட்டு இவர்களோடு நடக்கத் தொடங்குகிறது. கார் சில சமயம் இவர்களுக்குப் பின்னால் இருக்கிறது, சில சமயம் பக்கத்தில் வருகிறது, சில சமயம் கண்ணிலேயே படுவதில்லை. சாவடியில் காரும் தம்பதியும் ஒரே இடத்தில் நிற்கிறார்கள். காவலர் கணவனிடம் அரட்டை அடிக்கிறார். காரிலிருக்கும் பெண்ணோ தன் தலைக்குள் டிக் டிக் என்று ஏதோ கேட்பதாக முறையிடுகிறாள். யாரும் காதில் வாங்கவில்லை! படம் முழுவதிலும் என்னை உலுக்கிய இடம் இதுதான். உண்மை அவள் வாயாலேயே வந்துவிட்டது, ஆனால் அதன் பொருள் தெரிந்தவர்கள் திரைக்கு வெளியே உட்கார்ந்திருக்கும் நாம் மட்டுமே.

கார் சட்டத்தை விட்டு வெளியே போய்விடுகிறது. தம்பதி முத்தமிட நெருங்குகிறார்கள். வெடிச் சத்தம். அப்போதுதான் முதல் வெட்டு, தீப்பிடித்து எரியும் கார். இத்தனை நேரம் சேர்த்து வைத்த வெட்டை எங்கே செலவழித்திருக்கிறார் பாருங்கள்.

இன்னொன்றும் கவனிக்கத் தக்கது. குண்டு வைக்கப்பட்டது மெக்ஸிகோவில், வெடித்தது அமெரிக்காவில். இந்தக் குற்றத்தை எந்த நாட்டுப் போலீஸ் விசாரிப்பது என்பதில்தான் பிறகு கதையின் மோதலே பிறக்கிறது. வெட்டாத ஷாட் அந்த எல்லைக் கோட்டை ஒரே மூச்சில் கடக்கிறது. வழக்கின் சிக்கல் ஒரு வார்த்தை விளக்கமில்லாமல் நம் கண்முன் போடப்பட்டுவிடுகிறது.

இனி வருத்தமான பகுதி. இந்தக் காட்சியை 1958-இல் தியேட்டரில் பார்த்தவர்கள் வெல்ஸ் நினைத்தபடி பார்க்கவில்லை. படத்தைத் தயாரித்த யூனிவர்சல் ஸ்டூடியோ அவர் கையிலிருந்து படத்தொகுப்பை எடுத்துக்கொண்டது. அவர்கள் தொகுத்ததைப் பார்த்துவிட்டு, என்னென்ன மாற்ற வேண்டும் என்று 1957 டிசம்பரில் வெல்ஸ் 58 பக்கக் குறிப்பு எழுதிக் கொடுத்தார். பெரும்பகுதி ஏற்கப்படவில்லை. இந்தத் தொடக்கக் காட்சியின் மேல் நடிகர், தொழில்நுட்பக் கலைஞர் பெயர்களை வரிசையாக ஓட்டி, ஹென்றி மான்சினியின் இசையையும் சேர்த்து வெளியிட்டார்கள்.

மான்சினி இசை நல்ல இசைதான், குறை சொல்லவில்லை. ஆனால் என்ன ஆயிற்று? கண் பெயர்களைப் படிக்கப் போய்விட்டது, காதை இசை நிரப்பிவிட்டது. வெல்ஸ் கேட்டது வேறு. தெருவோரக் கேளிக்கை விடுதிகளிலிருந்து விதவிதமான பாட்டுகள் வந்து வந்து மறைய வேண்டும், காரின் ரேடியோ தனியாக ஒலிக்க வேண்டும் என்றார். கார் கண்ணுக்குத் தெரியாத நேரத்திலும் அந்த ரேடியோ கேட்டால், 'இதோ, பக்கத்தில்தான் இருக்கிறது' என்று வயிறு கலங்கும். காதாலேயே குண்டைப் பின்தொடரலாம்.

அவர் விருப்பப்படி 1998-இல்தான் வால்டர் மர்ச் அந்தக் குறிப்பை வைத்துக்கொண்டு படத்தை மறுபடி தொகுத்தார். பெயர்கள் போயின, அந்த இசை போயிற்று, தெருவின் ஓசை திரும்பி வந்தது. பார்க்கத்தான் வெல்ஸ் இல்லை. 1985-லேயே காலமாகிவிட்டார். 2008-இல் வந்த டி.வி.டி. தொகுப்பில் பழைய வடிவமும் புதிய வடிவமும் சேர்ந்தே இருக்கின்றன. கிடைத்தால் இரண்டு தொடக்கங்களையும் அடுத்தடுத்துப் போட்டுப் பாருங்கள். காட்சி ஒன்றே, பதைப்பு ஒன்றல்ல என்பது உங்களுக்கே விளங்கும்.

நான் அப்படிப் போட்டுப் பார்த்தபோது என் பேரன் பக்கத்தில் இருந்தான். பழைய வடிவம் ஓடும்போது முறுக்கைக் கடித்துக்கொண்டிருந்தான். புதியது ஓடும்போது முறுக்கு கையிலேயே நின்றுவிட்டது. "தாத்தா, யாராச்சும் அவங்ககிட்ட சொல்லக் கூடாதா?" என்றான். கார் வெடித்த பிறகு, "அவங்க யாரு தாத்தா?" என்று கேட்டான். அந்த இடத்தில் எனக்கும் பதில் தெரியாது. அதுவரை அவர்களைப் பற்றிப் படம் நமக்கு அநேகமாக எதுவுமே சொல்லியிருக்கவில்லை.

யாரென்றே தெரியாத இரண்டு உயிர்களுக்காக ஒரு சிறுவனைப் பதைக்க வைத்தது எது? இரத்தம் காட்டவில்லை, அலறல் காட்டவில்லை. ஒரு செய்தியை நம்மிடம் சொல்லிவிட்டு, அதை உரியவர்களிடம் சேர்க்க வழியில்லாமல் செய்துவிட்டார்கள், அவ்வளவுதான். வெட்டாத ஷாட்டும், குறுக்கே வந்த ஆடுகளும், காரின் ரேடியோவும் அந்த ஒன்றுக்காகவே உழைக்கின்றன. அடுத்த முறை ஒரு திகில் படம் தொடங்கும்போது, நமக்கு மட்டும் தெரிந்தது என்ன, திரையில் இருப்பவருக்குத் தெரியாதது என்ன என்று கேட்டுக்கொண்டு பாருங்கள். இயக்குநர் குண்டை எங்கே வைத்திருக்கிறார் என்பது தானே புலப்படும்.